ஏறிய கரையிலேயே இறங்கவும்

எங்கள் ஏரி தானாக உண்டானதல்ல. அட்லஸ் மலையிலிருந்து இறங்கிவரும் ஆற்றின் குறுக்கே அரசாங்கம் அணை கட்டியது. தண்ணீர் தேங்கியது, சாலை முழுகியது, தகாந்த் என்ற எங்கள் ஊர் இக்கரை, அக்கரை என்று இரண்டாகப் பிளந்தது. சந்தையும் ஆஸ்பத்திரியும் இக்கரையில் மாட்டிக்கொண்டன. மேய்ச்சலும் தேனும் வாய் நீண்ட பெண்களும் அக்கரையில். அணையைச் சுற்றிக்கொண்டு போனால் வைக்கோல் லாரியில் அரைநாள் குலுங்க வேண்டும். என் படகில் ஏறினால் ஒரு கிளாஸ் தேநீர் ஆறுவதற்குள் போய்விடலாம். படகுக்காரன் பாஸ்ஸூ இல்லாவிட்டால் இந்த ஊர் ஏது என்று ஒரு பேச்சு உண்டு. அதைப் பெரும்பாலும் பேசியது நான்தான்.

அப்படி இருக்கும்போதுதான் மன்றம் வந்தது. முழுப்பெயர், ஏரிப் பொழுதுபோக்கு மற்றும் இயற்கைக் காட்சி மேம்பாட்டு மன்றம். இவ்வளவு பெயரையும் ஒரே பலகையில் எழுத வேண்டியிருந்ததால் பலகை நீண்டுவிட்டது. அதை நடுவதற்காகக் கரையில் இருந்த ஒலிவ மரங்களை வெட்டினார்கள். வெட்டிய பிறகு நிழல் இல்லையே என்று யாரோ கவலைப்பட, பிளாஸ்டிக் குடைகளை நட்டார்கள். இயற்கைக் காட்சி அன்றிலிருந்தே மேம்பட ஆரம்பித்துவிட்டது.

மன்றத்தின் இயக்குநர் ஸி பென்ஸாகூர் நகரத்து மனிதர். வெள்ளை செருப்பு, வெள்ளை கார், வாசனைத் தைலம். அவரைத் திட்ட இன்றைக்கும் எனக்கு மனம் வராது. அவர்தான் எனக்குத் தொப்பி கொடுத்தவர். ஆனால் தொப்பிக்கு முன்னால் ஒரு சொற்பொழிவு கொடுத்தார்.

"அன்பான மக்களே! இத்தன வருஷமா இந்த ஏரிய நீங்க பயன்படுத்திட்டு வந்திருக்கீங்க."

நாங்கள் பெருமையாகத் தலையாட்டினோம்.

"அதுதான் தப்பு. ஏரி பயன்படுத்துறதுக்கு இல்ல, ரசிக்கிறதுக்கு. ஒரு அழகான பொண்ண யாராவது பாத்திரம் கழுவச் சொல்லுவாங்களா?"

எங்கள் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர் அதைக் கைதட்டலுக்கு முந்திய அமைதி என்று நினைத்துக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு விதிகளைப் படித்தார். எல்லாம் பாதுகாப்புச் சட்டை, குப்பை, கூச்சல் பற்றியவை. நான்காவது மட்டும் வேறு மாதிரி இருந்தது: பயணி ஏறிய கரையிலேயே இறங்க வேண்டும்.

நான் கையைத் தூக்கி, 'ஸீதி' என்று மரியாதையாக ஐயா போட்டுச் சந்தேகம் கேட்டேன். "ஸீதி, அப்ப அக்கரைக்காரங்க சந்தைக்கு எப்படி வருவாங்க?"

"நல்ல கேள்வி. கெளம்புன எடத்துக்கே திரும்பி வந்தா அது உல்லாசம். வேற எடத்துல இறங்குனா அது போக்குவரத்து. போக்குவரத்து வேற இலாகா. அவங்க எல்லைக்குள்ள நாம கால் வைக்கலாமா? வைக்கக் கூடாது. அதனால இந்த ஏரியில இனிமே உல்லாசம் மட்டும்தான். மீறுனா படகு பறிமுதல்."

சொல்லிவிட்டுத் தன் கையாலேயே என் தலையில் தொப்பியை வைத்தார். முன்னால் தங்க நிறத்தில் 'தலைமை வழிகாட்டி' என்று எழுதியிருந்தது. எனக்குக் கீழே வேறு வழிகாட்டி எவனும் கிடையாது. இருந்தாலும் 'தலைமை' என்ற சொல் தலைக்கு இதமாக இருந்தது. கழுத்தில் ஒரு விசிலும் தொங்கியது. நாற்பது வயதைத் தாண்டியவன், விசில் கிடைத்ததும் பால்வாடிக் குழந்தை மாதிரி வீடு போகும்வரை ஊதிக்கொண்டே போனேன். என் அக்கா ஸஹ்ரா கதவைத் திறந்து, "ஆடு எதுவும் காணாமப் போச்சா?" என்று கேட்டாள்.

படகையும் விடவில்லை. நீலச் சாயம் பூசி, முன்பக்கம் ஒட்டுப்பலகையில் அன்னத்தின் கழுத்து ஒன்றைச் செய்து பொருத்தினார்கள். கம்பீரமான கழுத்து. அதற்கப்புறம் எனக்கு எதிரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது. ஏரியைச் சுற்றி மூன்று இடங்களில் தண்ணீருக்குள் கம்பம் நட்டு, 'இங்கே வியக்கவும்' என்று பலகை மாட்டினார்கள். ஒவ்வொரு கம்பத்திடமும் நான் படகை நிறுத்தி விசில் ஊத வேண்டும், பயணிகள் வியக்க வேண்டும். மறுபடி விசில் ஊதினால் வியப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்த சந்தை நாளில் அக்கரையிலிருந்து முதல் ஆளாக உக்கா மாமா வந்தார். மலையில் ஆடு மேய்க்கிறவர். விற்க மூன்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பாஸ்ஸூ, சந்தையில விடுப்பா."

"சந்தைக்கு இல்ல மாமா. இனிமே உல்லாசத்துக்கு."

"அது எந்தப் பக்கம் இருக்கு?"

விளக்கம் சொல்வதற்குள் அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். பயணி ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புச் சட்டை மாட்ட வேண்டும் என்று விதி. ஆடு பயணியா, சாமானா என்று விதியில் தெளிவில்லை. தலைமை வழிகாட்டி தப்புச் செய்யக் கூடாது என்று மூன்றுக்கும் மாட்டிவிட்டேன். முதல் கம்பத்தில் விசில் ஊதினேன். உக்கா மாமா திடுக்கிட்டு ஆடுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "வியங்க மாமா" என்றேன். "எதப் பாத்து?" என்றார். மலையைக் காட்டினேன். தினமும் அவர் ஏறி இறங்குகிற மலை. "இதையா?" என்று கேட்டு ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். அங்கே ஒரு ஆட்டைத் தொலைத்துவிட்டோமோ என்ற சந்தேகம்தான் அவர் முகத்தில் தெரிந்தது.

ஒரு சுற்று முடித்து, ஏறிய இடத்திலேயே அவரை இறக்கிவிட்டேன். அவர் கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் வீட்டைப் பார்த்தார்.

"சந்தை எங்கடா?"

"ரசிச்சீங்களா மாமா?"

அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. மூன்று ஆடுகளோடு நடந்து போய் லாரிக்கு நின்றார். அதற்கப்புறம் அக்கரைக்காரர்கள் எல்லாரும் லாரிக்கே போனார்கள். நான் அட்டவணைப்படி காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, காலிப் படகை ஓட்டினேன். கம்பங்களில் நிறுத்தி, விசில் ஊதி, நானே வியந்துவிட்டு வந்தேன். ஒருவன் விடாமல் வியப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

ஏரியோடு மன்றம் நிற்கவில்லை. பெண்கள் விறகுக்குப் போகிற மலைப்பாதைக்கு அம்புக்குறி போட்டு அதை நடைபயணப் பாதை ஆக்கினார்கள். அம்புக்குறி மேல்நோக்கி மட்டும்தான் இருந்தது. விறகோடு கீழே இறங்குவது விதிமீறல் ஆயிற்று. மேட்டில் கோடைக்கு வந்து தங்குகிற இடையர்களின் கறுப்புக் கம்பளிக் கூடாரங்கள் காட்சியைக் கெடுப்பதாகச் சொல்லி அகற்றினார்கள். அதே இடத்தில், அசல் இடையர் கூடாரம் என்று பலகை வைத்து, கறுப்பு நைலான் கூடாரங்கள் அடித்தார்கள். உண்ணும் இடம் என்று சிமெண்ட் மேசைகள் போட்டார்கள். எங்கள் ஆட்கள் மேசைக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்து உட்கார்ந்து, மேசைமேல் செருப்புகளைப் பத்திரமாக வைத்தார்கள்.

எல்லாம் தயார். சுற்றுலாப் பயணி மட்டும் வரவில்லை.

வருவான் என்று மன்றம் உறுதியாக நம்பியது. சனிக்கிழமைதோறும் இயக்குநர் காரில் வந்து குடைக்கடியில் உட்காருவார். ஷுஐப் என்று ஒரு குமாஸ்தா. மன்றத்துக்கு இருந்தது அந்த ஒரே குமாஸ்தாதான், புகைப்படக்காரரும் அவர்தான். அவர் கையில் தட்டை ஏந்தி ஊர் நுழைவாசல் வளைவுக்குக் கீழே நிற்பார். தட்டில் பேரீச்சம்பழமும் ஒரு கிண்ணம் பாலும். பெரிய மனிதர் வந்தால் நாங்கள் வாசலில் கொடுக்கிறது அதுதான், மணப்பெண் வந்தாலும் அதுதான். சாயங்காலம் வரை வெயிலில் நின்று பால் திரிந்துபோகும். ஷுஐப் அதைத் தானே குடித்துவிட்டுப் போவார். அந்த வருஷம் முழுவதும் அவருக்கு வயிறு சரியில்லை.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம்.

பெண் அக்கரை. பெயர் ஈஜ்ஜா. கணவனை இழந்தவள், தேனீ வளர்க்கிறவள். அவள் கொட்டினால் வலிக்கும், தேனீ கொட்டினால் அவ்வளவு இல்லை. நாலு வருஷமாக அவளைப் படகில் ஏற்றி இறக்கி, நாலு வருஷமும் ஒரு வார்த்தை சொல்லத் தைரியமில்லாமல், கடைசியில் அவளே ஒருநாள் நடு ஏரியில், "என்ன, கேக்கப் போறியா, இல்ல நானே கேட்டுத் தொலைக்கணுமா?" என்றாள். மன்றம் வருவதற்கு முன்பே எழுத்துக்காரர் இரண்டு பேர் வந்து திருமண ஒப்பந்தம் எழுதிவிட்டார்கள். பெண்ணை அழைத்து வருவதுதான் பாக்கி. அணை கட்டிய நாளிலிருந்து அக்கரைப் பெண்கள் படகில்தான் மேளத்தோடு வந்து இறங்குவார்கள். ஊரில் எல்லா மணப்பெண்களையும் ஏற்றி வந்தவன் நான். என் மணப்பெண் வைக்கோல் லாரியில் வந்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். அவர் எழுந்து என்னைக் கட்டித் தழுவி, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"கல்யாணமா! ரொம்ப சந்தோஷம் பாஸ்ஸூ. ஆனா யோசிச்சுப் பாரு. கல்யாணம்னா என்ன? ஒரு பொண்ணு ஒரு எடத்துல ஏறி இன்னொரு எடத்துல இறங்குறது. இறங்குனவ திரும்பிப் போறதில்ல. இதவிட மோசமான போக்குவரத்து உலகத்துல உண்டா?"

"ஒரே ஒரு தடவ ஸீதி."

"இன்னிக்கு மணப்பொண்ணு இறங்குவா. நாளைக்கு ஒருத்தன் நோயாளிய இறக்குவான். அப்புறம் ஒருத்தன் வெங்காய மூட்டைய இறக்குவான். ஏரிக்குள்ள ஒரு நோக்கம் நுழைஞ்சிருச்சுன்னா அப்புறம் அத வெளியேத்தவே முடியாது. ரபாத்துல இருக்கிற தலைமை அலுவலகத்துக்கு நான் என்ன பதில் எழுதுவேன்?"

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அந்தத் தொப்பி கையில் இருந்தாலும் எனக்கு எல்லாமே நியாயமாகப் படும்.

நான் வாடிப்போனதைப் பார்த்து அவர் இரங்கினார். "உனக்காக ஒண்ணு செய்றேன். உன் பொண்டாட்டிய உல்லாசப் பயணியா கூட்டிட்டு வா. தண்ணியிலேருந்து உன் வீட்ட நல்லா காட்டு. ரொம்ப அழகான காட்சி அது. ரசிச்சிட்டு அவங்க வீட்டுக்குத் திரும்பிரட்டும்."

"எப்ப வந்து தங்குவா ஸீதி?"

"தங்குறது தனிப் பிரிவு. அதுக்கு நைலான் கூடாரம் இருக்கு."

நானும் உள்ளூர ஒரு கணக்குப் போட்டேன். படகு இக்கரைக்கு வந்து, மேளம் முழங்கி, கூட்டம் நெருக்கினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஈஜ்ஜா ஒரே தாவில் குதித்துவிடுவாள். குதிக்கக்கூடியவள்தான்.

கல்யாண நாளன்று அக்கரையில் அவளை ஏற்றினேன். வெள்ளைப் பட்டு, வெள்ளிச் சங்கிலிகள், அதற்குமேல் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டை. அவள் அப்பா ஹத்தூ அவள் நெற்றியில் முத்தமிட்டு, "என் பொண்ணப் பத்திரமா கொண்டுபோய்ச் சேத்துருப்பா" என்று என்னிடம் சொன்னார். அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன். முதல் கம்பம் வந்ததும் விசில் ஊதினேன்.

"என்ன அது?" என்றாள்.

"வியக்கணும் ஈஜ்ஜா."

"உன்னப் பாத்துத்தான் வியந்துட்டே வர்றேன். ஓட்டு."

இக்கரையில் மேளம், தப்பட்டை, என் அக்கா, உக்கா மாமா, மொத்த ஊரும். நடுவில் குடைக்கடியில் இயக்குநர், கையில் ஒலிபெருக்கி. கரைக்குப் பத்துக் கை தூரம் இருக்கும். அக்கா குலவைக்கு நாக்கை எடுத்துவிட்டாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"வருக, வருக! தலைமை வழிகாட்டி பாஸ்ஸூ அவர்கள் நாலாம் விதிய எவ்வளவு அழகா கடைப்பிடிக்கிறாருன்னு எல்லாரும் பாருங்க!"

என்னை ஊருக்கு முன்னால் யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. படகு பறிமுதல் என்ற நினைப்பு ஒரு பக்கம், புகழ்ச்சி ஒரு பக்கம். நான் எதுவும் முடிவு செய்யவில்லை என்று சத்தியம் செய்வேன். என் கை தானாகத் துடுப்பைத் திருப்பியது. அன்னத்தின் கழுத்து ஊரைப் பார்த்து ஒரு வட்டமடித்து அக்கரையை நோக்கித் திரும்பியது. அக்காவின் குலவை பாதியில் நின்று இருமலாக முடிந்தது. மேளக்காரனுக்கு ஒன்றும் புரியாமல் அவன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தான்.

ஈஜ்ஜா திரும்பித் திரும்பி என் வீட்டைப் பார்த்தாள். வாசலில் புதுச் சுண்ணாம்பு பளபளத்தது. அவள் பேசாமல் இருந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கரை வந்ததும் பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"வழிகாட்டி ஐயா, சுற்றுலா நல்லா இருந்துச்சு," என்றாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன்.

ஹத்தூ மாமா மகளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். மணப்பெண் திரும்பி வந்தால் என்ன சொல்வது என்று எங்கள் பக்கம் வழக்கம் எதுவும் இல்லை. கடைசியில், "தேநீர் போடட்டா?" என்றார்.

அந்த ஒரு வாரம் என் வீட்டில் எனக்குச் சோறு கிடைத்தது, பேச்சுக் கிடைக்கவில்லை. அக்கா என் தட்டைத் தரையில் வைத்து, அதை ஒரு வட்டம் சுற்றி, மறுபடி அடுப்படிக்கே எடுத்துக்கொண்டு போவாள். பிறகுதான் தருவாள். தெருவில் போனால் வாண்டுகள் என்னைப் பார்த்து வியந்தார்கள். நான் தொப்பியைக் கழற்றவில்லை. அதையும் கழற்றிவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

அடுத்த சனிக்கிழமை, வழக்கம்போல ஷுஐப் தட்டோடு வளைவுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். அணைப் பக்கமிருந்து வைக்கோல் லாரி வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள். தலையில் வலை தொங்கும் அகலத் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் பெரிய பை, உச்சி முதல் உள்ளங்கால் வரை தூசி. அது தேனெடுக்கப் போடுகிற தொப்பி. அதை இந்த மலையில் ஒருத்திதான் போடுவாள்.

ஷுஐப் நகரத்து ஆள், அவருக்கு என்ன தெரியும்? தேனீ வலையை அவர் வெளிநாட்டு நாகரிகம் என்று எடுத்துக்கொண்டார். "ஸீதி! வந்துட்டாங்க! ஸீதி!" என்று அலறினார். குரலில் அழுகையே வந்துவிட்டது. இயக்குநர் ஒரு செருப்பைக் குடைக்கடியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார். பிரெஞ்சில் ஒரு வரவேற்புரை ஆற்றினார். நீளமானது. ஈஜ்ஜா வலைக்குள்ளிருந்து தலையாட்டிக்கொண்டு கேட்டாள். உரை முடிந்ததும் இயக்குநர் தன் கையாலேயே பேரீச்சம்பழத்தைப் பாலில் தொட்டு, வலையைத் தூக்கி அவள் வாயில் கொடுத்தார். பால் கிண்ணத்தையும் நீட்டினார். ஈஜ்ஜா மூன்று மடக்குக் குடித்தாள். ஷுஐப் படமெடுத்து, அந்த நிமிஷமே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்: முதல் சுற்றுலாப் பயணி.

அக்கா அப்போது கிணற்றிலிருந்து வந்துகொண்டிருந்தாள். ஊர் வாசலில், ஊர் பார்க்க, என் மனைவியின் வாயில் பாலும் பேரீச்சம்பழமும். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வாரம் முழுக்கத் தொண்டையில் தேக்கிவைத்திருந்த குலவையை அப்படியே விட்டாள். வீட்டுக்கு வீடு பெண்கள் வெளியே வந்து குலவையிட்டார்கள். மேளக்காரன் எங்கிருந்தோ ஓடி வந்தான்.

"அல்லாவே, என்ன ஒரு உபசரிப்பு!" என்று இயக்குநர் கண் கலங்கினார். "பாத்தியா ஷுஐப், சுற்றுலாவோட அருமை மக்களுக்குப் புரிஞ்சுபோச்சு."

உக்கா மாமா அவர் தோளில் தட்டினார். "மாப்பிள்ளையோட அம்மா செய்யவேண்டியது. அந்தப் புண்ணியவதி இப்ப உயிரோட இல்ல. நீங்க செஞ்சீங்க. நல்லா இருங்க."

இயக்குநர் என்னைப் பார்த்தார். "யாரு இவங்க?"

"என் மனைவி, ஸீதி."

அவர் முகத்தில் பல நிறங்கள் வந்து போயின. ஷுஐப்பின் கையிலிருந்த போனைப் பார்த்தார். படம் போய்ச் சேர்ந்துவிட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து வாழ்த்தும் வந்துவிட்டது.

"எந்த ஊரு?"

"அக்கரை."

கொஞ்சம் யோசித்தார். "வெளியூர்தானே," என்றார்.

முதல் பயணிக்கு மரியாதைச் சுற்று என்று ஒன்று உண்டு. இயக்குநரே உடன் வந்தாக வேண்டும். இயக்குநர், ஷுஐப், ஈஜ்ஜா மூவரும் இக்கரையில் ஏறினார்கள். ஈஜ்ஜா உட்காருவதற்கு முன்னால் சத்தமாகக் கேட்டாள்.

"ஸீதி, ஏறுன எடத்துலயே கண்டிப்பா இறக்கி விட்டுருவீங்கல்ல?"

"கண்டிப்பா அம்மணி! அதுதானே எங்க மன்றத்தோட உயிர்மூச்சு!"

"கரையில நிக்கிறவங்க கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

இரண்டு கம்பங்களில் முறைப்படி வியந்தோம். ஈஜ்ஜா மிகையாகவே வியந்தாள். ஷுஐப் படமெடுத்தார். மூன்றாவது கம்பம் ஹத்தூ மாமா வீட்டுக்கு எதிரே இருந்தது. கம்பத்தை நெருங்கும்போதே அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். தலையில் தாம்பாளம், அதில் கெண்டி, கிளாஸ்கள், புதினாக் கட்டு. தன் வாசலைத் தாண்டிப் போகிற மனிதனுக்குத் தேநீர் கொடுக்காமல் விட்டால் எங்கள் ஆட்களுக்கு அன்று தூக்கம் வராது. இறங்கக் கூடாது என்றுதானே விதி, ஊற்றக் கூடாது என்று இல்லையே.

"பிஸ்மில்லா, ஸீதி. மொத கிளாஸ்."

இயக்குநர் குடித்தார். உதட்டை நக்கினார். தேன் போட்டிருந்தார்கள். இரண்டாவதும் ஆயிற்று. எங்கள் பக்கம் மூன்று கிளாஸ் குடித்தால்தான் உபசாரம் முழுமை. மூன்றாவதுக்கு ஹத்தூ மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "மூணாவது கிளாஸ தண்ணியில நின்னு குடுத்தா, நாளைக்கு நான் பள்ளிவாசல்ல எப்படி நிக்கிறது? மேல வாங்க. ஆடு வெந்துட்டிருக்கு."

வாடை வந்துகொண்டுதான் இருந்தது. நகரத்து மனிதரும் எங்கள் மண்ணின் மனிதர்தானே, கூப்பிட்ட வீட்டுக்கு மாட்டேன் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. இறங்கிப் போனார். ஷுஐப்பும் எழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஹத்தூ மாமா மகளைப் பார்த்து, "நீயும் வாம்மா" என்றார்.

"நான் இறங்கக் கூடாது அப்பா. நான் சுற்றுலாப் பயணி."

அப்பாவும் மகளும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு அவர் வந்து படகின் விளிம்பில் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே நின்றார். நான் அன்னத்தின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இயக்குநர் வெயில் சாயும்போது திரும்பி வந்து, ஏப்பத்தோடு படகில் ஏறினார். "போலாம்" என்றார். இக்கரை போய்ச் சேர்ந்தோம். ஈஜ்ஜா ஏறிய கரையில் இறங்கினாள், விதிப்படி. ஷுஐப் இறங்கினார், விதிப்படி. இயக்குநர் எழுந்து ஒரு காலைத் தூக்கினார். கரையில் அவருடைய வெள்ளை கார் நின்றுகொண்டிருந்தது.

ஷுஐப் கரையிலிருந்தே கையைப் பிசைந்தார். "ஸீதி... மன்னிக்கணும். நாலாம் விதி. நீங்க கடைசியா ஏறுனது அக்கரையில."

அவர் நல்ல குமாஸ்தா. கேலி செய்யத் தெரியாதவர்.

நான் ஏதோ பழிவாங்கினேன் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த அளவுக்கு நான் ஆள் இல்லை. 'நாலாம் விதி' என்று காதில் விழுந்ததும் கை தானாகத் துடுப்பைத் திருப்பிவிட்டது, அவ்வளவுதான். கழுத்து ஒரு வட்டமடித்தது. இயக்குநர் தூக்கிய காலோடு பலகைமேல் விழுந்து உட்கார்ந்தார்.

"என்ன செய்ற பாஸ்ஸூ?"

"கொண்டுபோய் விட்டுர்றேன் ஸீதி."

"என் கார் அங்க நிக்குது!"

"ரொம்ப அழகான காட்சி ஸீதி," என்றேன். உண்மையாகவே அழகாக இருந்தது.

முதலில் அவர் விதிகளின் நெகிழ்வுத்தன்மை பற்றிப் பேசினார். பிறகு அதிகாரிகளின் பயணம் எந்த இலாகாவில் வரும் என்பதை ஒரு குழு கூடி முடிவு செய்ய வேண்டும் என்றார். குழுவின் தலைவர் யார் என்று கேட்டேன். அவரேதான். கார் சின்னதாகிக்கொண்டே போனது. அதற்கப்புறம் அவர் குரலிலிருந்து மன்றம் முழுவதும் இறங்கிப் போய்விட்டது. வீட்டு நினைப்பு வந்த ஒரு மனிதர் மட்டும் மிச்சம்.

"தம்பி, எறக்கி விடுப்பா. வீட்டுக்குப் போகணும்பா."

"எந்தக் கரையில ஸீதி?"

"அந்தக் கரையில! எங்க வேணுமோ அங்க இறங்கலாம்! எறக்கி விடு!" எழுந்து நின்று கத்தினார். தண்ணீர்மேல் குரல் நன்றாகப் போகும். இரண்டு கரையிலும் ஊரே நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

திருப்பினேன். அவர் இறங்கி, காரில் ஏறி, ஒலிபெருக்கியைக்கூட எடுக்காமல் போய்விட்டார். புழுதி அடங்குவதற்குள் உக்கா மாமா படகில் ஏறி உட்கார்ந்தார். கரையில் நின்றவர்கள் மூட்டையோடும் கோழியோடும் அவர் பின்னால் ஏறினார்கள்.

"அக்கரைக்கு விடு," என்றார் மாமா. "வியக்க வெச்சேன்னா தள்ளி விட்டுருவேன்."

அந்த வருஷ அறிக்கையை ஷுஐப் எனக்குப் படித்துக் காட்டினார். வந்த பயணிகள் ஒருவர், அவருக்குப் பூரண திருப்தி என்று இருந்தது. பலகையில் நாலாம் விதி இன்னும் இருக்கிறது. அதை அழிக்க வேண்டுமானால் குழு கூட வேண்டும்.

அன்று எல்லாரையும் அக்கரையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஈஜ்ஜா வாசலில் உட்கார்ந்து தொப்பியின் வலையிலிருந்து வைக்கோலை எடுத்துக்கொண்டிருந்தாள். ரொம்பப் பெருமையாக, "பாத்தியா, கடைசியில அவர் வாயாலயே உத்தரவு வாங்கிட்டேன்," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கல்யாணத்தன்னிக்கு அவரு கரையில குடைக்கடியில உக்காந்திருந்தாரு பாஸ்ஸூ. படகுல இருந்தது நீயும் நானும்தான். துடுப்பு யாரு கையில இருந்துச்சு?"

இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் அவளை அவள் அப்பா வீட்டில் இறக்கி விடுகிறேன். அவள் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டதில்லை. இறங்கும்போது என் கையை ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்குவாள்.